வெள்ளம் ஆற்றைக் கழுவுவதில்லை

ஒவ்வொரு பெருவெள்ளம் வடிந்த பின்னும் ஆய்வேடுகளில் ஒரு முடிவு தவறாமல் கரையொதுங்குகிறது. வெள்ளத்திற்குப் பின் எடுத்த மாதிரிகளில் மின்கடத்துத்திறன் குறைந்தது, நைட்ரேட் குறைந்தது, கடினத்தன்மை குறைந்தது. ஆகவே நீர்த்தரக் குறியீட்டெண் ‘நன்று’ என்னும் வகுப்பிற்கு உயர்ந்தது. அட்டவணைகளும் வரைபடங்களும் அந்த முடிவைத் தாங்கி நிற்கின்றன. அன்று அந்த ஆற்றில் மீன் இருந்ததா, இருந்த மீனுக்குச் செவுள் செவுளாக இருந்ததா என்ற கேள்வி மட்டும் எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

வெள்ளம் ஆற்றைக் கழுவிவிடும் என்பது ஆற்றங்கரை மக்களின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை உருவான காலத்தில் ஆற்றில் கழுவப்பட வேண்டியவை சருகும் சாணமும் அழுகிய புல்லும்தான். அக்காலத்திற்கு அது பிழையான நம்பிக்கையும் அன்று. அதே நம்பிக்கை பிறகு குறியீட்டெண்ணின் உடையணிந்து பல்கலைக்கழகத்திற்குள் நுழைவதும், அங்கிருந்து அறிவியல் முடிவு என்ற பெயரில் அரசு அலுவலகங்களுக்குச் செல்வதும்தான் கண்டிக்கத்தக்கவை. நீர்த்தலும் தூய்மையும் ஒன்றல்ல. மீனைப் பொறுத்தவரை, நீர்த்துப்போன நீரே சில வேளைகளில் கூடுதல் நஞ்சு.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஓர் ஆற்றை அதன் தலையிலிருந்து வாய்வரை பார்க்கலாம்.

மூணாறுக்கு மேலே, ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாட்டுப்பட்டி. பெயரே மேய்ச்சலைச் சொல்கிறது. 1963இல் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் அங்கே தொடங்கப்பட்டதும் பொருத்தமே. குண்டளை நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கும் ஓடை மாட்டுப்பட்டி அணையில் தேங்குகிறது. பள்ளிவாசல் நீர்மின் திட்டத்திற்கு நீர் சேர்த்துவைக்க 1953இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அதைத் தாண்டிய நீர் மூணாறில் மற்ற இரு ஆறுகளோடு கூடி, முதிரப்புழையாகச் சரிந்து, கல்லார்குட்டியைக் கடந்து, இடுக்கி அணைக்குக் கீழே பெரியாற்றில் கலக்கிறது. பிறகு நேரியமங்கலம், பூதத்தான்கெட்டு, மலையாற்றூர், ஆலுவா. ஆலுவாவில் ஆறு கிளை பிரிகிறது. ஒரு கிளை ஏலூர், எடயார் தொழிற்பேட்டைகளின் நடுவே சென்று காயலில் முடிகிறது. மேலே தேயிலைச் சரிவும் லயங்களும் விடுதிகளும். கீழே உரம், பூச்சிமருந்து, தோல், உலோக ஆலைகள். 2024 நவம்பரில் கொச்சியின் போல்காட்டியிலிருந்து மாட்டுப்பட்டி அணைக்கு நீர்விமானம் சோதனையாகப் பறந்தது. ஆற்றின் இரு முனைகளையும் இணைத்த அந்தப் பயணம் எல்லாச் செய்தித்தாள்களிலும் படமாக வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு அதே ஆற்றின் கீழ்முனையில் மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அந்தப் படமும் வந்தது. இரண்டும் ஒரே ஆற்றின் படங்கள் என்று யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதலில் கணக்கிலுள்ள பிழையை எடுத்துக்கொள்ளலாம். தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டத்தின் அடிப்படை அளவைகள் ஒன்பது: வெப்பநிலை, பிஎச், மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, நைட்ரேட், நைட்ரைட், இரு வகைக் கோலிஃபார்ம். கலங்கல் இந்த ஒன்பதில் இல்லை. உலோகங்கள் ஆண்டுக்கொரு முறை. மாதிரி எடுப்பது பெரும்பாலும் மாதம் ஒரு முறை. ஆறு செந்நிறமாக ஓடும் நாளில் கரையில் இறங்கி மாதிரி எடுப்பது ஆபத்து என்பதால் அது வெயில் நாளுக்குத் தள்ளிப்போகும். அந்த ஊழியரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தெளிந்த நாளின் தண்ணீரை வைத்துக் கலங்கிய நாளைப் பற்றித் தீர்ப்பெழுதும் ஆய்வாளரைக் குறை சொல்லலாம்.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுநீரைப் பயன்பாட்டின்படி வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. காட்டுயிருக்கும் மீன்வளத்திற்கும் உரியது ‘டி’ வகுப்பு. அதற்கு மூன்றே நிபந்தனைகள்: பிஎச் 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமை, தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமை. மண் எவ்வளவு, சல்பைடு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று இந்த வகுப்பு கேட்பதில்லை. மூன்றாம் நிபந்தனையோ தனியே ஒரு வேடிக்கை. தனி அம்மோனியா ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கையிலேயே மடியும் மீனினங்கள் பல உண்டு. மீன்கள் இறந்த பின்னும் மீன்வளத்திற்கு ஏற்ற நீர் என்று சான்றளிக்க இடம் கொடுக்கும் வரம்பு அது.

இனிக் கடினத்தன்மை. குறியீட்டெண் சூத்திரங்கள் குடிநீரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கால்சியமும் மக்னீசியமும் குறைந்தால் மதிப்பெண் ஏறும். சமையலறைக்கும் கொதிகலனுக்கும் அது சரியே. மீனின் செவுளுக்கு அது தலைகீழ். செம்பு அயனி செவுளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மீனின் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. நீரில் கால்சியம் இருந்தால் அது அந்த இடங்களுக்குப் போட்டியிட்டுச் செம்பை ஓரளவு விலக்கி நிறுத்துகிறது. மழை பெய்து நீர் மெலியும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. மெல்நீரில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் அளவிலான செம்பு வானவில் டிரௌட் மீனைக் கொல்லப் போதுமானது என்பது 1970களிலேயே ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. இந்தியக் குடிநீர்த் தரம் செம்புக்கு ஏற்கும் வரம்பு 50 மைக்ரோகிராம். மனிதன் கவலையின்றிக் குடிக்கலாம். அதே குவளையில் டிரௌட் வாழாது.

மாட்டுப்பட்டிக்கு இந்த நச்சியல் ஏன் முக்கியம்? தேயிலையின் கொப்புள நோய் ஈரக்காலத்து நோய். அதற்கெதிராகக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கப்படுவதும் ஈரக்காலத்தில்தான். அதாவது செம்பு சரிவில் இறங்கும் மாதங்களும், மலைநீர் மிக மெல்லியதாக இருக்கும் மாதங்களும், மண் கரைந்து ஓடும் மாதங்களும் ஒன்றே. அந்த மாதங்களில்தான் குறியீட்டெண் ‘நன்று’ என்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு எதிரான குற்றச்சாட்டாக இதைப் படிக்க வேண்டியதில்லை. மூன்று நிகழ்வுகள் ஒரே பருவத்தில் கூடும் இடத்தில் ஆண்டுக்கு ஒரு முறை உலோகம் அளக்கும் ஏற்பாட்டை அறிவியல் என்று அழைப்பவர்கள் மீதுதான் குற்றச்சாட்டு.

அடுத்தது மண். 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் இயல்பாகப் பெய்ய வேண்டிய மழை 1,649.5 மில்லிமீட்டர், பெய்தது 2,346.6. அந்தப் பருவத்தில் மாநிலமெங்கும் 4,700க்கும் மேற்பட்ட நிலச்சரிவுகள் செயற்கைக்கோள் படங்களின் உதவியுடன் எண்ணப்பட்டன. மிகுதியான பங்கு இடுக்கிக்கு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் புதைந்து 70 தோட்டத் தமிழர்கள் மாண்டனர். மனித இழப்பின் முன் மீனைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் சரிவில் லயத்தைப் புதைத்த மண்தான் கீழே ஆற்றையும் புதைக்கிறது. இரண்டு அழிவுகளுக்கும் காரணம் ஒரே சரிவு என்பதை ஒப்புக்கொள்ளாத வரை இரண்டுமே ‘இயற்கைப் பேரிடர்’ என்ற தலைப்பின் கீழ் கோப்பில் மூடப்படும்.

கலங்கல் மீனுக்கு என்ன செய்கிறது? நுண்மண் செவுள் இழைகளை உராய்ந்து புண்ணாக்குகிறது. மீன் கோழையைச் சுரந்து தற்காத்துக்கொள்ள முயல்கிறது. அந்தக் கோழையே ஆக்சிஜன் நுழையும் வழியைத் தடிக்கச் செய்கிறது. நாட்கள் நீடித்தால் இழைகளின் மேற்றோல் பெருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போகிறது. அப்போது நீரில் ஆக்சிஜன் 6 மில்லிகிராம் இருந்தாலும் மீனுக்கு அது எட்டாது. அளவி கரையில் ‘போதுமானது’ என்று காட்டும். நீருக்குள் மூச்சுத்திணறல் நடந்துகொண்டிருக்கும். 1996இல் நியூகோம்ப், ஜென்சன் இருவரும் மிதவை மண்ணின் தீங்கை அதன் செறிவு, மீன் அதற்கு ஆட்பட்ட நேரம் ஆகிய இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று காட்டினார்கள். மாதத்திற்கொரு புட்டி நீரில் இரண்டாவது இல்லவே இல்லை. முதலாவதும் தப்பான நாளில் எடுக்கப்பட்டது.

மலையோடைகளின் மீன்கள் இதில் இன்னும் நிராதரவானவை. கல்லொட்டி மீன்கள் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. பாறைமேல் மண் படிந்துவிட்டால் அவற்றுக்கு உணவு போகிறது. கூழாங்கல் இடுக்கில் இடப்படும் முட்டைகளுக்கு நீரோட்டம் வழியே மூச்சு கிடைக்கிறது. இடுக்கு அடைபட்டால் முட்டை பொரிக்காது. இப்படிப் போன தலைமுறைக்குப் பிணம் இல்லை. மிதக்கும் மீனை எண்ணலாம். பிறக்காத மீனை எப்படி எண்ணுவது? அடுத்த ஆண்டு வலையில் குறையும் எடையில்தான் அது தெரியும். அப்போது அதற்கு ‘மீன்வரத்துக் குறைவு’ என்று வேறொரு பெயர் சூட்டப்பட்டிருக்கும். பெரியாற்றின் தலைப்பகுதியில் மட்டுமே வாழும் மீன்கள் உள்ளன. ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கியவை அவற்றுள் சில. உலகில் வேறெங்கும் அவற்றுக்கு மாற்றிடம் இல்லை.

அணைகள் வண்டலைப் பிடித்துவைத்துக் கீழாற்றைக் காக்கின்றன என்ற வாதம் உண்டு. பாதி உண்மை. நீர்த்தேக்கம் மண்ணைப் பிடிக்கிறது. மண்ணோடு ஒட்டிய செம்பையும் பாஸ்பரஸையும் கரிமக் கழிவையும் பிடிக்கிறது. அடியில் அவை தங்கி அழுகும்போது ஆக்சிஜன் தீர்கிறது. சல்பைடும் அம்மோனியாவும் உருவாகின்றன. மேற்பரப்பில் படகு செல்லும் நீர் தெளிவாகவே இருக்கும். பெருமழையில் அடிமதகு திறக்கப்பட்டால், அல்லது வேகமாக நுழையும் வெள்ளம் அடியைக் கலக்கிவிட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கணக்கு சில மணி நேரத்தில் கீழே தீர்க்கப்படுகிறது. 1924 ஜூலையில் மூணாறைச் சிதைத்த வெள்ளத்தோடு இதை ஒப்பிடலாம். மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை அந்த வெள்ளத்தில் போனது, மறுபடி கட்டப்படவேயில்லை. மலையாளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று கொல்லம் ஆண்டைச் சொல்லி நினைவுகூர்கிறார்கள். மனிதருக்கு அது பேரழிவு. ஆனால் அந்த வெள்ளம் கொண்டுபோனது மண்ணையும் மரத்தையும். அப்போது மாட்டுப்பட்டியில் அணையில்லை, ஏலூரில் ஆலையில்லை. 1924ஐயும் 2018ஐயும் மழையளவை மட்டும் வைத்து ஒப்பிடும் கட்டுரைகள் வேறுபாட்டின் முக்கியமான பாதியைத் தவறவிடுகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. வெள்ளம் மீனுக்கு நன்மையல்லவா? 1989இல் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் மூவரும் முன்வைத்த வெள்ளத்துடிப்புக் கோட்பாடு அதைத்தானே சொல்கிறது? ஆறு கரைமீறிச் சமவெளியில் பரவுவதும் திரும்புவதும் ஆற்றின் உயிர்த்துடிப்பு. மீனின் உணவும் இனப்பெருக்கமும் அதைச் சார்ந்தவை. கோட்பாடு சரியானதே. அதை அறிய ஆற்றோரத்து மீனவருக்கு 1989 வரை காத்திருக்கத் தேவையும் இருந்ததில்லை. புதுவெள்ளம் வந்ததும் கெண்டையும் விராலும் கெளுத்தியும் வயலை நோக்கி ஏறும். கேரளத்தில் இதற்கு ‘ஊத்த’ என்று பெயர். தமிழ்நாட்டில் ஏற்றுமீன் என்பார்கள். சினை சுமந்து ஏறும் அந்த மீனைப் பிடிப்பதைக் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் 2010 தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. நல்ல சட்டம்தான்.

ஆனால் அந்தக் கோட்பாட்டை மேற்கோள் காட்டிப் பெரியாற்றின் வெள்ளத்திற்கு நற்சான்று வழங்குபவர்கள் அதன் முன்நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். மீன் ஏறுவதற்கு வயல் இருக்க வேண்டும். வெள்ளம் படிப்படியாக ஏறி, தங்கி, படிப்படியாக இறங்க வேண்டும். அமேசானின் பருவ வெள்ளத்தை வைத்து எழுதப்பட்ட கோட்பாட்டை, மதகு திறந்து சில மணி நேரத்தில் ஏறி, மதகு மூடியதும் வற்றும் அலைக்குப் பொருத்துவது அறிவியலன்று. புதுவெள்ளத்தின் வாசனையை நம்பி மீன் மேலேறும் அதே முதல் மழையில்தான் சாலை எண்ணெயும் கழிவுநீர்த் தொட்டி வழிவும் வயல் மருந்தும் முதல் கழுவலாக இறங்குகின்றன. மீனின் உள்ளுணர்வும் மனிதனின் கழிவும் ஒரே நாளைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன.

அந்த நாள் எப்படியிருக்கும் என்பதற்கு 2024 மே 20ஐப் பார்க்கலாம். ஏலூர்-எடயார் பகுதியில் உப்புநீர் மேலேறாமல் தடுக்க ஒரு தடுப்பணைப் பாலம் இருக்கிறது. அது இருக்கும் இடத்தின் பெயர் பாதாளம். (கற்பனையாளர் எவரும் இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் வைக்கத் துணியமாட்டார்.) கோடையில் கதவுகள் மூடியிருக்கும், மேற்புறம் நீர் தேங்கும். கோடைமழை வலுத்ததும் கதவுகள் திறக்கப்பட்டன. அன்றிரவும் மறுநாளும் வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர் வரை மீன்கள் செத்து மிதந்தன. கூண்டுகளில் கொடுவாயும் கரிமீனும் வளர்த்தவர்களுக்குப் பெருத்த அடி. கடன் வாங்கிக் கூண்டு கட்டியவர்கள், அறுவடைக்குச் சில வாரங்கள் இருந்த நிலையில் அனைத்தையும் இழந்தார்கள்.

காரணம் என்ன என்பதில் இரண்டு விளக்கங்கள் வந்தன. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், கதவு திறந்ததும் தேங்கிய நீர் பாய்ந்ததால் கரைந்த ஆக்சிஜன் திடீரெனச் சரிந்ததைக் காரணமாகச் சொன்னது. கேரள மீன்வளம் மற்றும் பெருங்கடல் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் குழு, அம்மோனியாவும் சல்பைடும் கொல்லும் அளவில் இருந்ததைச் சுட்டியது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது இரு ஆய்வகங்களுக்கிடையிலான நுட்பச் சச்சரவாகத் தெரியும். கூண்டுக்காரருக்கு அப்படியன்று. ஆக்சிஜன் குறைவு என்றால் மழையின் குற்றம். கிடைப்பது நிவாரணம், அதாவது அரசின் கருணை. நச்சுக்கழிவு என்றால் ஒருவரின் குற்றம். கிடைக்க வேண்டியது இழப்பீடு, அதாவது உரிமை. நிவாரணத்திற்கும் இழப்பீட்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு நீர்ப்பகுப்பாய்வு அறிக்கையின் ஒரு வரி தீர்மானிக்கிறது.

உண்மையில் இரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அப்படி முன்வைத்ததே பிழை. ஆக்சிஜன் தானாகக் குறைவதில்லை. அடியில் சேர்ந்த கரிமக் கழிவும் சல்பைடும் மேலெழுந்து அதைத் தின்பதால் குறைகிறது. சல்பைடு பற்றி இன்னும் ஒன்று: பிஎச் 7இல் அதில் ஏறத்தாழப் பாதி, ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வடிவில் இருக்கும், மழையால் பிஎச் இறங்கினால் அந்தப் பங்கு கூடும். அம்மோனியா இதற்கு நேர்மாறு: 25 பாகையில் பிஎச் 7இல் நச்சு வடிவம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, பிஎச் 8இல் ஐந்து. ஆகவே ஒரே தடுப்பணையின் இருபுறமும், ஒரே இரவின் வெவ்வேறு மணிகளிலும், வெவ்வேறு நஞ்சு முன்னிற்க முடியும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நன்னீர் உயிர்களுக்காக வகுத்த வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் மட்டுமே. இந்திய ‘டி’ வகுப்பில் சல்பைடு என்ற சொல்லே இல்லை. பட்டியலில் இல்லாததை வழக்கமாக யாரும் அளப்பதில்லை. அளக்காததால் பழைய தரவு இல்லை. பழைய தரவு இல்லாததால் ‘வழக்கத்திற்கு மாறானது’ என்று நீதிமன்றத்தில் நிறுவ முடிவதில்லை. ஆலைகளின் வழக்கறிஞர்களுக்குக் கல்வியுலகம் அளித்துவரும் மிகப் பெரிய கொடை இந்த வெற்றிடம்.

இன்னொரு வகைத் தீங்கு இவ்வளவு வேகமாக வருவதில்லை. வெள்ளம் மறந்த பிறகு வருகிறது. குளிர்ந்த, உப்புக் குறைந்த, அமிலம் ஏறிய நீர் மீனின் தோலைப் பலவீனப்படுத்துகிறது. ‘அஃபனோமைசெஸ் இன்வடன்ஸ்’ என்னும் நீர்ப்பூஞ்சை போன்ற உயிரியின் வித்துகள் அந்தத் தோலில் பற்றித் தசைக்குள் இறங்குகின்றன. செந்நிறப் புள்ளி, பிறகு புண், பிறகு எலும்பு தெரியும் குழி. கொள்ளைப் புண்நோய் எனப்படும் இது 1988இல் இந்தியாவிற்குள் வந்தது; 1991இல் கேரளத்தை அடைந்தது. விராலும் கெண்டையும் மடவையும் முதலில் விழுந்தன. அமிலச் சல்பேட்டு மண் கொண்ட குட்டநாட்டில் மழைக்குப் பின் நீர் புளிப்பது உழவர் அறிந்த செய்தி. அந்தப் புளிப்பு நோய்க்கு வாசல் திறக்கிறது. புண்பட்ட மீனைச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. புண்படாத மீனையும் அந்த வாரங்களில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். மழை நின்று நாட்கள் பல கழித்து வரும் இந்த இழப்பு எந்த வெள்ளச் சேதக் கணக்கிலும் ஏறாது. கணக்கெடுப்பு அதிகாரி அப்போது போய்விட்டிருப்பார். ஆய்வாளரின் ‘வெள்ளத்திற்குப் பிந்தைய மாதிரி’யும் எடுத்து முடிந்திருக்கும்.

2018இல் வளர்ப்புக் குளங்கள் உடைந்து அமேசானின் அரபைமாவும் வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீனும் கேரள ஆறுகளில் நுழைந்ததை 2019இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழ் பதிவு செய்தது. வளர்க்கத் தடை விதிக்கப்பட்டும் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி அவற்றுக்கு வெகுகாலம் முன்பே வந்தது. வெள்ளத்தால் கழுவப்படும் ஆற்றில் வெள்ளத்தாலேயே நிரந்தரக் குடியேறிகள் வந்து சேர்கிறார்கள். எந்தக் குறியீட்டெண்ணில் இது குறைமதிப்பெண்?

தமிழ்க் கல்வியுலகின் பொறுப்பையும் சொல்லாமல் விட முடியாது. பெரியாறு என்றால் தமிழ்நாட்டில் முல்லைப் பெரியாறு; முல்லைப் பெரியாறு என்றால் 136, 142, 152. 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடியைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். நீதியான உரிமைக்குரல்தான் அது. ஆனால் ஓர் ஆறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடிக்கணக்கிலும் கனஅடிக் கணக்கிலும் மட்டுமே பேசப்பட்டால், அதில் ஓடுவது நீர் என்பதும் நீரில் உயிர் உண்டு என்பதும் இரு மாநிலத்தாருக்கும் மறந்துபோகும். தேவிகுளம், பீர்மேடு 1956இல் கைவிட்டுப் போனதைப் பற்றி உருகி எழுதும் கட்டுரைகளுக்கும் பஞ்சமில்லை. அந்தத் தேவிகுளம் வட்டத்து லயங்களில் வாழும் தமிழர் குடிக்கும் ஓடைநீரில் சாரல்கால மாதங்களில் என்ன ஓடுகிறது என்று அளந்து எழுதிய ஆய்வேடுகளை எண்ண ஒரு கை விரல்கள் மிஞ்சும். எல்லைக்கோட்டின் மீதான அக்கறையில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கோட்டைக் கடந்து ஓடும் நீரின் மீது இருந்திருந்தால் போதும்.

இதற்கு நிதி இல்லை என்ற விடை தயாராக இருக்கும். பாதி பொய். குறியீட்டெண் கட்டுரைகளுக்கு நிதி இருக்கிறது. ஏனெனில் அவை மலிவானவை, மூன்று பருவத்தில் மூன்று பயணம் போதும், மென்பொருள் மீதியைச் செய்துவிடும், இதழ்களும் ஏற்கும். ஆண்டிறுதி மதிப்பீட்டுப் படிவத்திற்கு வெள்ளநாளில் மாட்டுப்பட்டியில் நின்ற ஒருவரும் வெயில் நாளில் வந்துபோன ஒருவரும் ஒன்றே. மதிப்பெண் வேட்கையில் ஆற்றை மலிவான மூலப்பொருளாக்கியவர்கள் ஆலைக்காரர்களை நோக்கி விரல் நீட்டும் தகுதியைத் தாங்களாகவே இழக்கிறார்கள்.

வேண்டியவை பெரும் கருவிகள் அல்ல. அணைக்கு மேலும் கீழும் மணிக்கொரு முறை கலங்கலையும் ஆக்சிஜனையும் பதியும் இரண்டு கருவிகள் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இறுதிவரை இருந்தால் போதும். ஒரு துறையின் ஆண்டுக் கருத்தரங்கச் செலவுக்குள் அடங்கும். அடிமண்ணில் ஒரு கைப்பிடி, மழைக்கு முன்னும் பின்னும். மதகு திறக்கும் நேரத்தைப் பொதுமக்களுக்கு அறிவிப்பதுபோல் கீழாற்றிலுள்ள ஆய்வகங்களுக்கும் கூண்டுக்காரர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. ‘டி’ வகுப்பில் கலங்கல், சல்பைடு, செம்பு ஆகியவற்றைச் சேர்க்கக் கோரி மத்திய வாரியத்திற்குப் பல்கலைக்கழகத் துறைகள் அனுப்ப வேண்டிய ஒரு மனு. பிறகு மீன்.

மீன் இறந்த சில மணி நேரத்திற்குள் செவுள் திசு அழுகத் தொடங்கிவிடும். அதன் பிறகு அது புண்ணால் சிதைந்ததா, சாவால் சிதைந்ததா என்று நுண்ணோக்கியால் பிரித்துச் சொல்ல முடியாது. பத்து விழுக்காட்டு ஃபார்மலின் ஊற்றிய சிறு புட்டிகளும் ஒரு கத்தரிக்கோலும் ஆற்றங்கரைக் கல்லூரி ஒவ்வொன்றின் விலங்கியல் ஆய்வகத்திலும் இப்போதே இருக்கின்றன. மீன் மிதக்கும் செய்தி வந்த இரவில் அவற்றை எடுத்துக்கொண்டு இறங்க ஆள் வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் மலையேறும். பாதாளத்தின் கதவுகளுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் கோடைமழையே போதும்.